ரசிகர்கள் செய்யும் கேம் தொடர்ச்சிகள்: கொங்குப் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் கேம் செய்யக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளில் பலருக்கு முதல் ஆசை சொந்தக் கதை அல்ல. சின்ன வயதில் பிரவுசிங் சென்டரில் விளையாடித் தீர்த்த ஒரு கேமின் அடுத்த பாகத்தைத் தாங்களே செய்துவிட வேண்டும் என்பதுதான். அந்த ஆசையோடு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

ரசிகர் தொடர்ச்சின்னா என்னங்க? மோடும் அதும் ஒண்ணுதானுங்களா?

இல்லை. மூல கேமை வாங்கி நிறுவியிருந்தால்தான் மோட் ஓடும். அதன் மேல் ஏறி நிற்கும் மாற்றம் அது. ரோம் ஹேக் என்பது பழைய கன்சோல் கேமின் கோப்பையே (ரோம்) திருத்துவது. ரசிகர் தொடர்ச்சி தனியாக ஓடும் முழுக் கேம். கதாபாத்திரம், உலகம், பெயர் எல்லாம் அடுத்தவருடையவை. நிரலும் கட்டங்களும் (லெவல்கள்) நம்முடையவை.

இந்தப் பிரிவை முதலிலேயே தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டச் சிக்கல், வெளியிடும் முறை, எது எப்போது உடையும் என்பதெல்லாம் இதைப் பொறுத்துத்தான் மாறுகின்றன.

கம்பெனிக்காரங்களே விட்டுட்ட கேமை நாம எடுத்துப் பண்றதுல என்னங்க நல்லது?

நிறைய இருக்கிறது. முதலாவது, கேம் பிழைத்துக்கிடக்கும். 1991இல் கேம்பாய்க்கு வந்த இரண்டாம் மெட்ராய்டு கேமை ஒரு ரசிகர் ஏறக்குறைய பத்து ஆண்டு உழைத்து மறுபடி கட்டினார். ஏஎம்2ஆர் என்ற பெயரில் 2016 ஆகஸ்ட் 6 அன்று அது வெளியானது. நின்டெண்டோ தன் சொந்த மறு ஆக்கத்தைக் கொண்டுவந்தது 2017 செப்டம்பரில்தான். இடைப்பட்ட அத்தனை ஆண்டும் அந்தக் கதையை விளக்கு அணையாமல் காத்தவர்கள் ரசிகர்கள்.

இரண்டாவது, இதுபோலக் கற்றுத்தரும் பள்ளி வேறு இல்லை. எதிரி எப்படி நடக்க வேண்டும், கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதற்கெல்லாம் விடை மூல கேமிலேயே இருக்கிறது. நாம் செய்தது சரியா தவறா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். சொந்தக் கேமில் அந்த அளவுகோல் கிடைக்காது. ஏஎம்2ஆர் செய்தவர் பிறகு ஓரி என்ற கேம் தொடரின் இரண்டாம் பாகத்தில் கட்ட வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். 2017இல் வந்த சோனிக் மேனியா கேமைச் செய்ய சேகா தேடிப் பிடித்ததும் ரசிகர் கேம்களில் கை பழகியவர்களைத்தான்.

காசு வாங்காம சும்மா குடுத்தாக்கூடத் தப்புங்களா?

ஆமாம். எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் பேர் தவறாக நம்பிக்கொண்டிருப்பதும் இதைத்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 ஒரு படைப்பைத் தழுவிப் புதிதாக ஒன்று செய்யும் உரிமையைப் படைப்பின் உரிமையாளருக்கே தருகிறது. பணம் வாங்கினோமா என்பது தண்டனையின் அளவைத்தான் மாற்றும், மீறலை மாற்றாது. தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் இதைக் குறைக்கலாம்.

'நியாயமான பயன்பாடு' என்று சிலர் 52ஆம் பிரிவைக் காட்டுவார்கள். சொந்தப் பயன், ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி ஆகியவற்றுக்கான சலுகை அது. கணினி நிரல்களுக்கு அந்த உட்பிரிவு பொருந்தாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. ரசிகர் கேமை உலகத்துக்கே வெளியிடுவது சொந்தப் பயனும் ஆகாது.

கேம் வந்து முப்பது வருசம் ஆச்சு, கடைல கூடக் கெடைக்கறதில்லைங்க. அப்பறம் யாரு கேக்கப்போறாங்க?

விற்காமல் போனதால் உரிமை போய்விடாது. எழுத்துப் படைப்புக்குப் படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் காப்பு உண்டு. கணினி நிரலும் சட்டத்தின் கண்ணில் எழுத்துப் படைப்புதான். 1991 கேமெல்லாம் இந்தக் கணக்கில் நேற்றுப் பிறந்த பிள்ளை. கம்பெனி மூடிப்போயிருந்தாலும் உரிமையை வாங்கியவர் ஒருவர் எங்கோ இருப்பார்.

அப்ப எதை எடுத்துக்கலாம், எதைத் தொடக்கூடாதுங்க?

விளையாட்டு விதியை எடுக்கலாம். சுவரில் உதைத்துத் தாண்டுவது, சாவி தேடிக் கதவு திறப்பது, முறை வைத்துச் சண்டை போடுவது போன்றவை யாருடைய சொத்தும் அல்ல. ஆனால் விதியைச் சொல்லியிருக்கும் விதத்துக்கு உரிமை உண்டு. படம், இசை, வசனம், கதாபாத்திரம், கட்டத்தின் அமைப்பு, நிரல் எல்லாம் இதில் அடங்கும். பெயரும் சின்னமும் தனியாக வணிகக்குறிச் சட்டத்தின் கீழ் வரும்.

கோடு எங்கே விழுகிறது என்பதற்கு 2012இல் அமெரிக்காவில் முடிந்த டெட்ரிஸ் வழக்கு நல்ல பாடம். விதியை மட்டும்தான் எடுத்தோம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. துண்டுகளின் வடிவம், பலகையின் அகல உயரம், தோற்றம் எல்லாம் அப்படியே இருக்கின்றனவே என்று நீதிமன்றம் டெட்ரிஸ் பக்கம் தீர்ப்பளித்தது. விதி ஒன்றாக இருக்கலாம், கண்ணுக்குத் தெரிவது வேறாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் மிக ஆபத்தானது மூல கேமிலிருந்து அப்படியே உருவி எடுத்த ஸ்பிரைட்டும் (ஆள், பொருள்களின் படத்துண்டு) ஒலிக்கோப்பும்தான். பார்த்து வரைந்ததற்கும் பிரச்சினை வரலாம். உருவியதற்கோ வாதாடவே வழியில்லை.

எந்தக் கம்பெனி விடும், எந்தக் கம்பெனி புடிக்குமுங்க?

கடந்த கால நடத்தையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நின்டெண்டோ விடாது. ஏஎம்2ஆர் வெளிவந்த வேகத்தில் இணையத்திலிருந்து இறக்கப்பட்டது. அதே மாதம் வந்த போக்கிமான் யுரேனியமும் 15 லட்சம் பதிவிறக்கத்தைத் தொட்ட பிறகு நின்றுபோனது. ஒன்பது ஆண்டு உழைப்பு அது. ஸ்கொயர் எனிக்ஸ் 2009இல் குரோனோ டிரிக்கரின் ரசிகர் தொடர்ச்சி ஒன்றை வெளியீட்டுக்குச் சில வாரமே இருக்கும்போது நிறுத்தியது.

வால்வ் நேர் எதிர். அது 1998இல் செய்த ஹாஃப் லைஃபை ரசிகர்கள் மறுபடி கட்டிய பிளாக் மீசா 2012இல் இலவசமாக வந்தது. பிறகு வால்வ் அனுமதியோடு காசுக்கே விற்கப்பட்டு 2020இல் முழுமையடைந்தது. ஆனால் ஒரே கம்பெனிகூட எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சோனிக் ரசிகர் கேம்களைக் கண்டுகொள்ளாத சேகா, எட்டு ஆண்டு உழைப்பில் 2011இல் வந்த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் ரசிகர் மறு ஆக்கத்தைச் சில நாளிலேயே இறக்கவைத்தது. ஆகவே 'அவங்க விட்டுடுவாங்க' என்பதை நம்பி நாலு வருடத்தைப் போடாதீர்கள். எழுத்தில் வெளியிட்ட ரசிகர் விதிமுறை இருந்தால் அதைப் படியுங்கள், அது மட்டும்தான் பிடிமானம்.

நோட்டீஸ் வந்துருச்சுங்க. இப்ப என்ன பண்றது?

முதல் வேலை, பதில் எழுதுவதற்கு முன் இணைப்பை இறக்குங்கள். இரண்டாவது, நோட்டீஸில் எது குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்: பெயரா, படங்களா, முழுக் கேமா? பெயரும் தோற்றமும் மட்டும் என்றால் மாற்றி வெளியிட வாய்ப்பு உண்டு. மூன்றாவது, தளம் எந்தச் சட்டப்படி இறக்கியது என்று பாருங்கள். அமெரிக்கத் தளம் என்றால் டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்ட முறை. இந்தியச் சட்டத்தில், புகார் வந்த இணைப்பைத் தளம் 21 நாள் நிறுத்திவைக்க வேண்டும்; அதற்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பத் திறக்கலாம்.

டிஎம்சிஏவில் எதிர் அறிவிப்பு, அதாவது இறக்கியது தவறு என்று தளத்துக்குத் தரும் மறுப்பு, கொடுக்க வழி இருக்கிறது. கொடுத்தால் வழக்கை நாமே கூப்பிட்டதாகிவிடும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஜிடிஏ 3 கேமைப் பிரித்துப் பார்த்து அதன் நிரலைத் திரும்ப எழுதியவர்களுக்கு 2021 பிப்ரவரியில் நோட்டீஸ் வந்தது. எதிர் அறிவிப்புக்குப் பின் கோப்புகள் திரும்ப வந்தன. செப்டம்பரில் ஜிடிஏவின் உரிமையாளரான டேக் டூ நிறுவனம் வழக்கே போட்டுவிட்டது. உரிமை முழுக்க உங்களுடையது என்று ஆதாரம் இல்லாமல் எதிர் அறிவிப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். பதிப்புரிமை பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

எந்த என்ஜின்ல ஆரம்பிக்கலாமுங்க?

என்ஜின் என்பது கேமைக் கட்ட உதவும் மென்பொருள். இருபரிமாணம் என்றால் கோடோ அல்லது கேம்மேக்கர் போதும். ஏஎம்2ஆர் கேம்மேக்கரில் செய்தது. கோடோ இலவசம், தாராளமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம், பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

ஒரு குறிப்பிட்ட தொடருக்கென்றே ரசிகர்கள் கட்டிவைத்த கருவித்தொகுப்புகள் கிடைக்கும். ஆர்பிஜி மேக்கர் என்ற என்ஜினுக்கான போக்கிமான் எசென்ஷியல்ஸ் அப்படிப்பட்டது. முதல் வாரமே கேம் ஓடும், பார்க்க ஆசையாக இருக்கும். கம்பெனியின் படங்களும் ஒலிகளும் அதற்குள்ளேயே பின்னிக்கிடப்பதால் பின்னால் பிரித்தெடுக்கப் படாத பாடு பட வேண்டும். அந்தத் தொகுப்பே 2018இல் இறக்கப்பட்டது. எந்த என்ஜினானாலும் அடுத்தவர் சொத்தெல்லாம் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். அந்தக் கோப்புறையை அழித்தாலும் சாம்பல் நிறச் சதுரங்களோடு கேம் ஓட வேண்டும். மாதம் ஒருமுறை அழித்து ஓட்டிப் பாருங்கள்.

நம்பரெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கறனுங்க. ஆனாத் தாண்டுறது பழைய கேமாட்டவே வரமாட்டேங்குது?

எண் சரியாக இருக்கும், கூட்டும் வரிசை தப்பாக இருக்கும். ஒரு கணக்கைப் பார்ப்போம். எமுலேட்டரில் (பழைய கன்சோல் கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஒவ்வொரு ஃப்ரேமாக, அதாவது திரை ஒருமுறை வரையும் படமாக, நகர்த்தி எண்ணுகிறீர்கள்: உச்சிக்குப் போக 20 ஃப்ரேம், ஏறிய உயரம் 64 பிக்சல். பாடப்புத்தகச் சூத்திரப்படி ஈர்ப்பு 2 × 64 ÷ 400, அதாவது 0.32. தொடக்க வேகம் 2 × 64 ÷ 20, அதாவது 6.4. இதை நிரலில் போட்டு, ஒவ்வொரு ஃப்ரேமிலும் முதலில் வேகத்தைக் குறைத்துப் பிறகு ஆளை நகர்த்தினால் 60.8 பிக்சல்தான் ஏறும். முதலில் நகர்த்திப் பிறகு குறைத்தால் 67.2 ஏறும். 16 பிக்சல் சதுரம் நாலு அடுக்கிய மேடை 64 பிக்சல். முதல் முறையில் கால் எட்டாது, இரண்டாவதில் அனாயாசமாக ஏறிவிடும். கைக்கு 'வேற மாதிரி' தெரிவதற்குக் காரணம் இதுதான். ஈர்ப்பில் பாதியை நகர்த்துவதற்கு முன்னும் பாதியைப் பின்னும் கழித்தால் சரியாக 64 வரும்.

இன்னும் இரண்டைச் சோதியுங்கள். பழைய கன்சோல் கேம்கள் பலவற்றில் ஒரு பிக்சலை 256 கூறாகப் பிரித்து முழு எண்ணில்தான் கணக்கு ஓடும். 0.32 என்பது அங்கே 81.92, மூலத்தில் அது 80 ஆகவோ 82 ஆகவோ இருந்திருக்கும். முழு எண்ணுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். அடுத்தது திரையின் வேகம். நகர்வைத் திரை வரையும் ஃப்ரேமோடு கட்டிவைத்தால் 144 ஹெர்ட்ஸ் திரையில் ஆள் 2.4 மடங்கு வேகத்தில் ஓடுவான். கோடோவில் நகர்வை ஃபிசிக்ஸ் டிக்கில் (திரையின் வேகத்தோடு கட்டாமல் சீராக ஓடும் கணக்கு) வையுங்கள். அது இயல்பாகவே நொடிக்கு 60.

வசனத்தைத் தமிழ்ல போட்டா எழுத்து ஒட்டுக்கா ஒடஞ்சு வருதுங்க. ஃபான்ட் மாத்தியும் ஆகலைங்க?

கோளாறு ஃபான்டில் இல்லை, எழுத்தை வடிவமைத்துத் தரும் பகுதி என்ஜினில் இல்லை. 'கொங்கு' என்ற ஒரே சொல்லை வைத்துச் சோதித்துவிடலாம். நம் கண்ணுக்கு 3 எழுத்து, கணினிக்கு 6 குறி: க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. ஒகரக் குறி பிளந்து ககரத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். புள்ளி ஙகரத்தின் தலைமேல் உட்கார வேண்டும். கடைசிக் ககரமும் உகரமும் ஒட்டி ஒரே வடிவமாக வேண்டும். வடிவமைப்பு இல்லாத என்ஜினில் ஆறும் வந்த வரிசையிலேயே கொட்டிக்கிடக்கும்.

கோடோ 3இல் இந்த வசதி கிடையாது. 2023இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து உண்டு. யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ்புரோ இந்திய எழுத்துகளை இயல்பாகச் சரிவரக் காட்டாது, தனிச் செருகுநிரல் வேண்டும். ஃபான்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நல்லது. கேமோடு சேர்த்துக் கொடுக்க உரிமமும் தடையில்லை.

வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சாவதுபோல் வரவைக்கிறீர்கள் என்றால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. குறி குறியாக நகர்த்தினால் முதலில் 'க' தெரிந்து, மறுநொடி அது 'கொ' ஆகத் துள்ளும். 'ங' வந்து பிறகு புள்ளி வைக்கும். கண் கூசும். வாக்கியத்தை முன்கூட்டியே முழு எழுத்துகளாக வெட்டி வைத்துக்கொண்டு ஆறு அடியில் அல்ல, மூன்று அடியில் நகர்த்துங்கள். ஆங்கிலத்துக்கு 8 பிக்சல் உயரம் போதுமான வசனப்பெட்டியில் தமிழ் அடங்காது. குறைந்தது 16 வேண்டும். பெட்டியின் அளவை முதல் நாளே அதற்கேற்ப வையுங்கள்.

ரோம் ஹேக் முச்சூடும் முடிச்சாச்சுங்க. கோப்பை அப்படியே குடுத்துரலாமுங்களா?

கூடாது. முழு ரோமைக் கொடுத்தால் மூல கேமையே பகிர்ந்ததாகிவிடும். மாற்றத்தை மட்டும், விளையாடுகிறவர் தன் ரோமின் மேல் போட்டுக்கொள்ளும் பேட்ச் கோப்பாகக் கொடுங்கள். பிபிஎஸ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். மூலக் கோப்பு சரியானதுதானா என்று அதுவே சரிபார்த்துவிடும். பழைய ஐபிஎஸ் வடிவத்துக்கு அந்தச் சோதனை கிடையாது. சூப்பர் நின்டெண்டோ ரோம்களில் சிலவற்றுக்கு முன்னால் 512 பைட் தலைப்பு ஒட்டியிருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. தப்பானதில் ஐபிஎஸ் போட்டால் எல்லா மாற்றமும் 512 பைட் தள்ளி விழுந்து கருப்புத் திரைதான் மிஞ்சும். ஐபிஎஸ் 16 எம்பி வரைதான் எட்டும். கேம்பாய் அட்வான்ஸ் ரோம் 32 எம்பி வரை போகும்.

மூல கேமுக்கு அப்டேட் வந்தா நம்ம மோட் போயிருமுங்களா?

போகலாம். பெரிய அணிகளுக்கே நடந்திருக்கிறது. ஃபால்அவுட் 4இன் மேல் கட்டிய ஃபால்அவுட் லண்டன் 2024 ஏப்ரலில் வருவதாக இருந்தது. அதே மாதம் மூல கேமுக்குப் பெரிய அப்டேட் வர, மோட் ஜூலை 25 வரை தள்ளிப்போனது. உங்கள் மோட் எந்தப் பதிப்பில் ஓடும் என்று எண்ணோடு எழுதுங்கள், விளையாடுகிறவர்களைத் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

ஏழெட்டுப் பேரு சேந்து ஆரம்பிச்சமுங்க. இப்ப மூணு பேருதான் இருக்கறம். போனவங்க வரஞ்சதை வெச்சுக்கலாமுங்களா?

அவர்கள் வரைந்தது சட்டப்படி அவர்களுடையது. வாய்ச்சொல்லில் 'எடுத்துக்கடா' என்றது உரிமை மாற்றம் ஆகாது. 19ஆம் பிரிவின்படி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் கொள்ளப்படும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை திரும்பிப் போய்விடும் என்றும் இருக்கிறது. வேறுவிதமாகப் பேசிக்கொண்டிருந்தால் அதையும் எழுதியாக வேண்டும். ஆகவே ஒரு பக்கத் தாளில்: எந்தக் கோப்புகள், எத்தனை ஆண்டு, உலகம் முழுவதும், பெயர் எங்கே போடப்படும், எப்போது பயன்படுத்தினாலும் செல்லும். சேரும் நாளிலேயே வாங்குங்கள். மனஸ்தாபம் வந்த பிறகு சிநேகிதனிடம் கையெழுத்துக் கேட்பது இரண்டு பக்கமும் வலிக்கும்.

ஆள் குறைவதற்குப் பெரிய காரணம் அளவுதான். முப்பது கட்டம் என்று திட்டம் போடுவார்கள், மூன்றே முடிந்திருக்கும். முதல் ஒரு கட்டத்தை ஒலி, பட்டியல், சேமிப்பு எல்லாவற்றோடும் முழுதாக முடியுங்கள். அதற்கு ஆன நாளை மிச்சக் கட்டங்களால் பெருக்கிப் பாருங்கள். வரும் எண் பரீட்சை, புராஜெக்ட், வேலைத்தேடல் எல்லாம் தாண்டி ஓடுகிறதென்றால் கட்டத்தைக் குறையுங்கள்.

டிரெய்லர் எப்ப விடறதுங்க?

முடிந்த பிறகு. அரைகுறையாக இருக்கும்போதே பெயர் பரவினால் நோட்டீஸும் அரைகுறையிலேயே வரும்.

பேரை மட்டும் மாத்திட்டா சொந்தக் கேம் ஆயிருமுங்களா?

பெயரை மட்டும் மாற்றினால் ஆகாது. பெயர், ஆட்கள், படம், இசை, உலகம் அத்தனையும் மாறினால் ஆகும். 2014இல் வந்த ஃப்ரீடம் பிளானட் சோனிக் ரசிகர் கேமாகத் தொடங்கியது. பாதியில் ஆட்களையும் உலகத்தையும் மாற்றிச் சொந்தக் கேமாகி விற்பனைக்கே போனது. சோனியின் பிளட்போர்ன் கேமை வைத்து ரசிகர்கள் செய்த வண்டிப் பந்தய கேமுக்கு சோனியிடமிருந்து சொல் வந்தது. பெயரையும் அடையாளங்களையும் நீக்கி 2024 மே மாதம் நைட்மேர் கார்ட் என்று வெளியிட்டார்கள். உழைப்பு வீண்போகவில்லை.

எங்கள் உறுதியான எண்ணம் இது: ரசிகர் தொடர்ச்சி செய்யுங்கள், ஆனால் முதல் நாளிலிருந்தே மேல்தோலை உரித்துவிடலாம் என்கிற மாதிரி கட்டுங்கள். மேலே சொன்ன கோப்புறைச் சோதனை அதற்காகத்தான். வேலைக்குக் காட்டுவதற்கும் இதே வழி: உரித்த பதிப்பைக் காட்டுங்கள். அடுத்தவர் சொத்தில் கை வைத்ததைப் பார்த்தாலே தயங்கும் நிறுவனங்கள் உண்டு.

தோலை உரிச்சுட்டா உள்ள என்ன கதைங்க வெக்கறது? அண்ணன்மார் கதையை எடுத்துக்கலாமுங்களா?

தாராளமாக. பொன்னர் சங்கர் கதை தலைமுறை தலைமுறையாக உடுக்கையடித்துப் பாடிவந்த பொதுச்சொத்து. காவலுக்கு இரண்டு அண்ணன்மார், வருவதை முன்கூட்டியே அறியும் தங்கை தங்காள், வயலை அழிக்கும் கொம்பன் என்ற காட்டுப்பன்றி: கேமுக்கு வேண்டியதெல்லாம் அதிலேயே இருக்கிறது. கொம்பனைக் கடைசிக் கட்ட எதிரியாக வைத்து யாராவது நன்றாகச் செய்துவிட மாட்டார்களா என்று ஏங்குகிறோம்.

இரண்டில் கவனம் வேண்டும். கதை பொது, ஒருவர் எழுதிய நாவலோ, அச்சிட்ட பதிப்போ, எடுத்த படமோ பொது அல்ல. அவற்றில் மட்டும் வரும் காட்சியை எடுக்காதீர்கள். அடுத்து, இந்தக் கதையைச் சாமியாகக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பாக வரும் வேட்டுவரும் நம்மோடு வாழும் மக்கள்தான். அவர்களை முகமில்லாமல் வெட்டித்தள்ளும் கூட்டமாகக் காட்டாதீர்கள். அவர்களின் தலைவன் தலையூர் காளிக்கும் அவனுடைய நியாயத்தைப் பேச இடம் கொடுங்கள்.

உடுக்கைப் பாட்டைக் கோயில் நோம்பில ஃபோன்ல புடிச்சு வெச்சிருக்கறனுங்க. அதைப் போட்டுக்கலாமுங்களா?

பாடியவரைக் கேட்காமல் வேண்டாம். பாட்டு பொதுவாக இருந்தாலும் அன்றைக்கு அவர் பாடியதில் அவருக்கு நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது. பாடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டு வரை அது நிற்கும். நோம்பி இரைச்சலில் பிடித்தது கேமுக்கு உதவவும் உதவாது. அவரை ஒரு காலை நேரம் அமைதியான அறையில் உட்காரவைத்து, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் உடுக்கையைத் தனியாகவும் குரலைத் தனியாகவும் பதியுங்கள். சுற்றிச் சுற்றி ஓடவிடுவதற்கு உடுக்கை மட்டும் நாலு நிமிடம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். 19ஆம் பிரிவு பற்றி மேலே சொன்ன அதே ஒரு பக்கத் தாளைத் தமிழில் எழுதிப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கூலியை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.